முப்பத்தைந்தின் இருபுறமும்

நுழையும்முன்

தேர்வு முடிவு வெளியாகும் நாளில் ஒரே ஒரு மதிப்பெண் ஒரு வீட்டில் மகிழ்ச்சியையும் அடுத்த வீட்டில் மௌனத்தையும் விட்டுச்செல்கிறது. அந்த ஒரு மதிப்பெண்ணின் இருபுறமும் நிற்பவர்களிடையே உண்மையில் எவ்வளவு வேறுபாடு உண்டு? தேர்ச்சிக்கோட்டை இடுபவர் யார்? எதைக்கொண்டு இடுகிறார்? திருப்பூரில் வளர்ந்து கணித ஆசிரியரான ஒருவர் தம் அனுபவத்தின் வழியே இவ்வினாக்களுக்கு விடை தேடுகிறார்.

நாளிதழில் இல்லாத எண்

1991ஆம் ஆண்டு. பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகளை நாளிதழில் தேடிப் பார்த்த காலம் அது. தேர்ச்சி பெற்றவர்களின் எண்கள் மட்டுமே அதில் அச்சாகும். தேர்ச்சி பெறாதவரைப் பற்றி நாளிதழ் ஒரு சொல்லும் சொல்லாது. எண் இல்லை என்பதே செய்தி.

எங்கள் தெருவின் தேநீர்க் கடையில் நானும் என் தோழியும் ஒரே நாளிதழின் மீது குனிந்து நின்றோம். தேர்வறையில் எனக்கு முன்னிருக்கையில் அமர்ந்து எழுதியவள் அவள். எனவே எங்கள் எண்கள் அடுத்தடுத்தவை. என் எண் இருந்தது. அவள் எண் இருக்கவேண்டிய இடத்தில் வேறொருவரின் எண் இருந்தது. அவள் விரலை எடுக்காமல் மூன்று முறை அந்த வரியைத் தடவிப் பார்த்தாள். பிறகு, "அச்சுல விட்டுப்போயிருக்கும் புள்ள" என்றாள்.

அச்சில் விட்டுப்போகவில்லை. மதிப்பெண் பட்டியல் வந்தபோது எல்லாம் தெளிவாயிற்று. கணிதத்தில் அவள் பெற்றது 33. நான் பெற்றது 35. மற்ற நான்கு பாடங்களிலும் அவள் மதிப்பெண்கள் என்னுடையவற்றைவிட மிகுதி. ஆயினும் நான் மேல்நிலை வகுப்பில் சேர்ந்தேன். அவள் அடுத்த திங்கட்கிழமை பனியன் கம்பெனியில் கைமடி வேலைக்குச் சேர்ந்தாள். 1980களில் ஏற்றுமதி வளரத் தொடங்கியபின் திருப்பூரில் வேலைக்குப் பஞ்சமில்லை. சனிக்கிழமைதோறும் கையில் சம்பளம் கிடைக்கும். மறுதேர்வு எழுதலாம் என்று அவளுக்கு எடுத்துச் சொல்ல அந்த வீட்டில் யாருமில்லை.

என் அம்மாவும் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை பார்த்தவர். அன்று மாலை என்னைப் பக்கத்தில் அமரவைத்து, "ஜெயிச்சதுக்குச் சந்தோசப்படு கண்ணு. ஆனா அந்தப் புள்ளைகிட்டப் போயி நான் ஜெயிச்சேன்னு சொல்லிப்போடாதே" என்றார். அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பது அன்று எனக்கு விளங்கவில்லை. ஆனால், ஒன்று மட்டும் எனக்குத் தெரிந்திருந்தது. ஒரு மதிப்பெண் வினாக்களில் இரண்டுக்கு விடை தெரியாமல் நான் ஏதோ ஒன்றைக் குறித்துவிட்டு வந்திருந்தேன். அவள் அவற்றை வெற்றிடமாக விட்டிருந்தாள். தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுதுவது தவறு என்பது அவள் எண்ணம். எங்களுக்கிடையே இருந்த இரண்டு மதிப்பெண்களும் அவையாகவே இருக்கக்கூடும் என்னும் ஐயம் என்னை விட்டு நீங்கவே இல்லை.

திருத்தும் மேசையில்

கணிதத்தில் 35 பெற்ற நான் கணித ஆசிரியரானேன். கணிதத்தை எனக்கு யாரும் அறிமுகப்படுத்தவில்லை என்பதை மேல்நிலை வகுப்பில் கிடைத்த நல்லாசிரியர் ஒருவர் எனக்கு உணர்த்தினார். அது வேறு கதை. ஆசிரியரான சில ஆண்டுகளில், பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தும் முகாமுக்கு முதன்முறையாகச் சென்றேன். தேர்ச்சிக்கோட்டின் மறுபக்கத்தை அங்குதான் கண்டேன்.

விடைத்தாளில் மாணவரின் பெயர் இராது. ஊரும் பள்ளியும் இரா. திருத்துவோர் அனைவருக்கும் ஒரே விடைக்குறிப்பு வழங்கப்படும். ஐந்து மதிப்பெண் வினாவில் சூத்திரத்திற்கு இவ்வளவு, பிரதியிட்டதற்கு இவ்வளவு, சுருக்கியதற்கு இவ்வளவு எனப் படிநிலை மதிப்பெண்கள் அதில் வகுக்கப்பட்டிருக்கும். இறுதியில் ஒரு கழித்தல் குறியைத் தவறவிட்டவர் ஐந்தையும் இழப்பதில்லை. ஒன்றை மட்டுமே இழப்பார். நான் திருத்திய தாளை வேறொருவர் கூட்டிச் சரிபார்ப்பார். முதன்மைத் தேர்வாளர் மேற்பார்வையிடுவார்.

தெரிந்து தெளிவோம்

தமிழ்நாட்டு மேல்நிலைப் பொதுத்தேர்வில் கணிதத்திற்கு எழுத்துத்தேர்வு 90 மதிப்பெண், அகமதிப்பீடு 10 மதிப்பெண். எழுத்துத்தேர்வின் அமைப்பு:
ஒரு மதிப்பெண் வினாக்கள் 20 = 20
இரண்டு மதிப்பெண் வினாக்கள் 7 = 14
மூன்று மதிப்பெண் வினாக்கள் 7 = 21
ஐந்து மதிப்பெண் வினாக்கள் 7 = 35
தேர்ச்சி பெற மொத்தம் 35 மதிப்பெண் வேண்டும். எழுத்துத்தேர்வில் மட்டும் குறைந்தது 25 மதிப்பெண் பெற்றிருக்கவும் வேண்டும்.

முதல்நாள் எங்கள் மேசையின் முதன்மைத் தேர்வாளர் சொன்னது இன்றும் என் செவியில் ஒலிக்கிறது. "கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கும் தாளை இன்னொரு முறை பாருங்கள். கூட்டிக் கொடுக்கவும் வேண்டாம், விட்டுவிடவும் வேண்டாம்."

அப்படித்தான் 23 மதிப்பெண்ணில் நின்ற ஒரு தாளை மீண்டும் புரட்டினேன். கடைசிப் பக்கத்தில், வினா எண் இடாமல், நடுவில் நின்றுபோன ஒரு கணக்கின் தொடர்ச்சி இருந்தது. படிநிலைப்படி அதற்கு மூன்று மதிப்பெண். 23 என்பது 26 ஆயிற்று. நான் எதையும் தானமாகக் கொடுக்கவில்லை. அம்மாணவர் எழுதியதைக் கண்டுகொண்டேன், அவ்வளவுதான்.

அதே நாளில் 24 மதிப்பெண்ணில் நின்ற மற்றொரு தாளும் என் கைக்கு வந்தது. முதற்பக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை இருமுறை பார்த்தேன். கொடுக்கவேண்டிய இடம் எதுவும் எஞ்சியிருக்கவில்லை. 24 என்பது 24ஆகவே நின்றது. தாளை மூடி அடுக்கில் வைத்தேன். யாரென்று அறியாத ஒருவருக்கு, எந்த நாளிதழிலும் இடம்பெறாத எண் ஒன்றை நான் எழுதியிருந்தேன். பழைய தேநீர்க் கடையும் வரியைத் தடவிய விரலும் நினைவுக்கு வந்தன.

ஒரு மதிப்பெண்ணின் எடை

அன்றிரவு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வினாக்கள் 20 உள்ளன. எதுவும் தெரியாத ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு குறித்தால் சராசரியாக ஐந்து சரியாக அமையும். ஆனால், ஒவ்வொரு முறையும் சரியாக ஐந்தே கிடைக்காது. நிகழ்தகவுக் கணக்கின்படி, ஐந்து முறைக்கு நான்கு முறை மூன்றுக்கும் ஏழுக்கும் இடையில் அமையும். மற்ற ஒரு முறை அதற்கும் அப்பால் செல்லும். அதாவது, ஒரே அளவு அறிந்த இருவரிடையே வாய்ப்பு மட்டுமே நான்கு மதிப்பெண் வேறுபாட்டை எளிதில் உண்டாக்கிவிடும். என்னையும் என் தோழியையும் பிரித்தது இரண்டு.

இதனால் தேர்வு பொய் என்று ஆகிவிடாது. 80 பெற்றவருக்கும் 30 பெற்றவருக்கும் உள்ள வேறுபாட்டை வாய்ப்பு உண்டாக்க இயலாது. அது உழைப்பாலும் கற்பித்தலாலும் வருவது. தொலைவில் நிற்பவர்களைத் தேர்வு நன்றாகப் பிரித்துக் காட்டுகிறது. கோட்டின் அருகில் நிற்பவர்களைப் பிரிக்கும்போதுதான் அதன் பார்வை மங்குகிறது. ஆனால், கோடு மிகுந்த உறுதியுடன் பேசுவதோ அந்த இடத்தில்தான்.

நிற்கும் கோடும் நகரும் கோடும்

உலகில் தேர்வுக் கோடுகள் எல்லாம் ஒரே வகையின அல்ல. நம்முடைய 35 நிற்கும் கோடு. வினாத்தாள் கடினமாயினும் எளிதாயினும் அது அசையாது. தேர்வுக்கு முன்பே அனைவரும் அதை அறிவர். இது அதன் நேர்மை. கடினமான ஆண்டில் பெற்ற 35உம் எளிய ஆண்டில் பெற்ற 35உம் ஒரே அறிவைக் குறிப்பதில்லை. இது அதன் குறை.

இங்கிலாந்தில் கோடு நகரும். அங்கு விடைத்தாள்களைத் திருத்திய பிறகே எந்த மதிப்பெண்ணுக்கு எந்தத் தரநிலை என முடிவு செய்கிறார்கள். மூத்த தேர்வாளர்கள் அவ்வாண்டு விடைத்தாள்களை முந்தைய ஆண்டுகளின் தாள்களோடு ஒப்பிடுவார்கள், புள்ளிவிவரங்களையும் பார்ப்பார்கள். வினாத்தாள் கடினமாக இருந்தால் கோடு இறங்கும். எளிதாக இருந்தால் ஏறும். 2017இல் அங்குப் பத்தாம் வகுப்பை ஒத்த நிலையில் புதிய கணிதத் தேர்வு அறிமுகமானபோது, கடினமான பிரிவு வினாத்தாளில் நான்கில் ஒரு பங்கிற்கும் குறைவான மதிப்பெண் பெற்றவர்களுக்கும் நான்காம் தரநிலை என்னும் தேர்ச்சி கிட்டியது.

மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் பன்னிரண்டாம் வகுப்புத் தரநிலைகள் வேறுவகை. ஒரு பாடத்தில் தேர்ச்சி பெற்றவர்களை மதிப்பெண் வரிசையில் நிறுத்தி எட்டுச் சமபங்குகளாக்கி, முதற்பங்கினர்க்கு முதல் தரநிலை வழங்குகிறார்கள். இங்கு உங்கள் தரநிலை உங்கள் விடையால் மட்டும் அமைவதன்று. உடன் எழுதியவர்களின் விடைகளாலும் அமைவது. இலங்கையில் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கு 2001 முதல் பின்பற்றப்படும் இசட் புள்ளியும், ஒருவரது மதிப்பெண் அப்பாடத்தின் சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதையே அளக்கிறது.

நம் பொறியியல் கலந்தாய்வில் வழங்கும் கட்-ஆஃப் என்னும் சொல்லை நீங்கள் அறிவீர்கள். கணிதத்திற்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200க்குக் கணக்கிட்டு மாணவர்களை வரிசைப்படுத்துகிறார்கள். இருவர் சமமாக இருந்தால் முதலில் கணித மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள். அதிலும் பிற மதிப்பெண்களிலும் சமமெனில் பிறந்த நாளைப் பார்ப்பார்கள். அதற்கு மேல் சமவாய்ப்பு எண். ஒரு கல்லூரியின் கட்-ஆஃப் என்பது யாரும் முன்கூட்டி இட்ட கோடு அன்று. கடைசி இருக்கையில் அமர்ந்தவர் விட்டுச்சென்ற தடம் அது. அடுத்த ஆண்டு வேறொருவர் அமர்வார், தடமும் மாறும்.

கோடு இடுவதில் செய்யக்கூடாதது எது என்பதையும் உலகம் ஒருமுறை கண்டது. 2020இல் பெருந்தொற்றால் இங்கிலாந்தில் பள்ளி இறுதித் தேர்வு நடைபெறவில்லை. ஆசிரியர்கள் அளித்த மதிப்பீடுகளை, பள்ளிகளின் முந்தைய ஆண்டு முடிவுகளைக் கொண்டு ஒரு கணக்கீட்டு முறை திருத்தியமைத்தது. ஆகஸ்டு 13ஆம் நாள் முடிவுகள் வந்தபோது, ஏறத்தாழ ஐந்தில் இரண்டு தரநிலைகள் ஆசிரியர் மதிப்பீட்டைவிடத் தாழ்ந்திருந்தன. மாணவர்கள் வீதிக்கு வந்தார்கள். ஆகஸ்டு 17ஆம் நாள் அம்முறை கைவிடப்பட்டது. ஒரு விடைத்தாளையும் புரட்டாமல், பள்ளியின் பழைய முடிவைக்கொண்டு ஒரு மாணவரின் இடத்தைத் தீர்மானித்ததே அதன் பிழை. 24இல் நின்ற அந்தத் தாளுக்காக நான் வருந்தினேன். ஆனால், அதை இருமுறை படித்த பின்னரே வருந்தினேன்.

செக்கிங் மேசையில்

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு கோடை. என் தோழி இப்போது ஒரு பனியன் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டு மேற்பார்வையாளர். கைமடியில் தொடங்கி, ஓவர்லாக் தைத்து, செக்கிங் மேசைக்கு வந்து, அங்கிருந்து உயர்ந்தவள். அவளுடைய இளைய மகள் பத்தாம் வகுப்புக் கணிதத்தில் 32 பெற்றுத் தேர்ச்சி தவறினாள். பெண்ணைத் தன்னோடு வேலைக்கு அழைத்துச் செல்லப்போவதாகச் செய்தி வந்தது. அவளைத் தேடிக் கம்பெனிக்கே சென்றேன்.

மேசைமீது சட்டைகள் மலைபோல் குவிந்திருந்தன. அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அவள் ஒரு பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வாய்திறக்கும் முன்பே, "புள்ளைக்குக் கணக்கு வராது புள்ள. என்னையாட்டவே" என்றாள்.

"உனக்கா கணக்கு வராது?" என்று கேட்டேன். "இந்தத் துணி ஒரு கிலோவுக்கு எத்தனை சட்டை வரும்?"

"நூத்தியெண்பது ஜிஎஸ்எம். சதுர மீட்டருக்கு நூத்தியெண்பது கிராம். வெட்டுக்கழிவும் போனா ஒரு சட்டைக்கு இருநூறு கிராம் வெச்சுக்கலாம். கிலோவுக்கு அஞ்சு" என்று தாளின்றிப் பேனாவின்றிச் சொன்னாள். சொல்லிவிட்டுத் தானே சிரித்தாள்.

பிறகு தன் கையிலிருந்த பட்டியலை எனக்கு விளக்கினாள். 2,000 சட்டைகள் கொண்ட ஒரு சரக்கை வாங்குபவர் முழுவதையும் சோதிப்பதில்லை. 125 சட்டைகளை எடுத்துச் சோதிக்கிறார். குறையுள்ளவை ஏழு வரை இருந்தால் சரக்கு முழுவதும் ஏற்கப்படும். எட்டு இருந்தால் முழுவதும் திருப்பப்படும். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்கப் படைத்தளவாடங்களைச் சோதிக்க வகுத்த முறையிலிருந்து வளர்ந்த அட்டவணை அது. "ஏழுக்கும் எட்டுக்கும் நடுவுல என்ன இருக்குது? ஒரு தையல் விட்டுப்போனதுதான். ஆனா எங்கயாச்சும் கோடு போட்டாகோணும். அதையும் எண்றதுக்கு முன்னாலயே போட்டுரோணும். இல்லாட்டி ஆளுக்கொரு நியாயம் பேசுவாங்க" என்றாள்.

அளவிலும் அப்படித்தான். நெஞ்சளவு 52 செ.மீ. என்றால், ஒரு செ.மீ. கூடவோ குறையவோ இருக்கலாம் என்று அவள் பட்டியல் இடங்கொடுக்கிறது. ஒரே சட்டையை இருவர் அளந்தால் அரை செ.மீ. வேறுபடும் என்பதைத் தையல் தொழில் ஒப்புக்கொண்டுள்ளது.

"கோட்டைத் தாண்டின சட்டை என்னாகும்?" என்று கேட்டேன்.

"முதல்ல ஆல்டருக்குப் போகும். பிரிச்சுத் தெச்சா பெரும்பாலும் சரியாயிரும். சரியாகாதது காதர்பேட்டைக்குப் போகும். அங்க யாரோ ஒருத்தர் வாங்கி நல்லாத்தான் உடுத்துவாங்க."

நான் எதுவும் சொல்லவில்லை. அவள் நாடாவைச் சுருட்டி மேசைமீது வைத்தாள். "நீ என்ன சொல்ல வந்தேன்னு தெரியுது. ஆனா புள்ளையும் பீஸும் ஒண்ணில்ல. பீஸு தன்னைத் தானே பிரிச்சுத் தெச்சுக்காது" என்றாள். சற்றுப் பொறுத்து, "அன்னிக்கு மறுபடி எழுதலாம்னு எனக்கு யாருமே சொல்லல புள்ள" என்றாள்.

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் எங்களுக்கிடையே பேசப்படாமல் கிடந்த சொல் அது. அதைச் சொல்லியிருக்கக்கூடிய ஒருத்தி நான். அன்று வெற்றி பெற்றதாகச் சொல்லிக்கொள்ளாமல் இருந்தேன். ஆனால், அவள் கையைப் பிடித்து மறுதேர்வுக்கு அழைத்துச் செல்லவும் இல்லை.

கோட்டுக்குப் பிறகு

அவ்வாண்டு துணைத்தேர்வுக்குள் எஞ்சியிருந்த நாள்களில், மாலைதோறும் அந்தப் பெண் என் வீட்டிற்கு வந்தாள். எங்கே தடுமாறுகிறாள் என்று பார்த்தேன். இருபடிச் சமன்பாடு அவளுக்குத் தெரிந்திருந்தது, குறிகளில்தான் பிழை. அளவியலில் சூத்திரம் தெரியும். எதை எங்கே இடுவது என்பதில் ஐயம். 32 என்னும் எண் இவற்றுள் எதையும் சொல்லவில்லை. அது எங்கே நிற்கிறாள் என்று மட்டும் சொன்னது. ஏன் அங்கே நிற்கிறாள் என்பதை அவள் விடைகளைப் படித்தவரே அறியமுடியும். துணைத்தேர்வில் அவள் 47 பெற்றாள். செய்தியறிந்த என் தோழி, "ஆல்டர் முடிஞ்சது" என்று மட்டும் சொன்னாள்.

மாணவர்களே, கோடு வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். கோடு இல்லாத இடத்தில் சிபாரிசும் செல்வாக்கும் கோடு போடும். ஆனால், கோடு ஒரு மனித ஏற்பாடு என்பதை மறவாதீர்கள். சில இடங்களில் அது முன்கூட்டியே இடப்படுகிறது. சில இடங்களில் பின்னர். சில இடங்களில் அது நிற்கிறது. சில இடங்களில் நகர்கிறது. எவ்வாறு இடப்பட்டாலும், அது ஒரு நாளில் எழுதிய ஒரு தாளைப் பிரிக்கிறதே தவிர, எழுதியவரைப் பிரிப்பதில்லை. அதனால்தான் கோட்டின் அருகில் இரண்டு ஏற்பாடுகள் கட்டாயம் இருக்கவேண்டும். ஒன்று, மீண்டும் ஒருமுறை பார்க்கும் கண். மற்றொன்று, மீண்டும் ஒருமுறை எழுதும் வாய்ப்பு.

முதலாவது எங்களைப் போன்ற ஆசிரியர்களின் கடமை. இரண்டாவது விதிகளில் இருக்கிறது. ஆனால், அதை எடுத்துச் சொல்லும் ஒரு குரல் வேண்டும். முடிவு வெளியாகும் நாளில் உங்கள் எண் இருந்து, உங்களுக்கு முன்னிருக்கையில் அமர்ந்தவரின் எண் இல்லாமற்போனால், அந்தக் குரல் உங்களுடையதாக இருக்கட்டும்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் பகுதியில் நடைபெறும் ஏதேனும் ஒரு தொழிலில் பொருளின் தரத்தை ஏற்பதற்கும் மறுப்பதற்கும் எவ்வாறு எல்லை வகுக்கிறார்கள் என்பதைக் கேட்டறிந்து எழுதுக.
2. 'நிற்கும் கோடு, நகரும் கோடு – மாணவர்க்கு ஏற்றது எது?' என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.
3. துணைத்தேர்வு எழுதத் தயங்கும் நண்பருக்கு ஊக்கமளித்துக் கடிதம் ஒன்று எழுதுக.